அணையாத ஒயில் விளக்கு

கோவிலில் அணையா விளக்கு நல்லது. பழைய காரின் மீற்றர்ப் பலகையில் அது ஆகாது.

1990 ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டபின் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை எம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். நோயாளரையும் நெல்மூட்டையையும் இடம்பெயர்ந்தோரின் தட்டுமுட்டுச் சாமான்களையும் அவை சுமந்தன. அவ்வாறு ஓடிய எஞ்சின்கள் பல உள்ளே தேய்ந்துபோயின. மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாவதில்லை. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து ஒயிலுடன் கலக்கிறது. ஒயில் தண்ணீர்போலாகி அழுத்தம் குறைய, விளக்கு எரிகிறது.

சாவியைத் திருப்பியதும் இவ்விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடிய சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். "அரிப்புக்குப் போய்ச் சேர்ந்து பார்ப்போம்" என்று ஓட்டினால் பேரிங் உருகி, எஞ்சின் இறுகிவிடக்கூடும். அதன் செலவு ஒரு போக விளைச்சலையே விழுங்கும்.

சற்றுப் பொறுத்து, சமதரையில் ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் ஒயில் விட்டு, ஒழுக்கைத் தேடவேண்டும். ஒயில் விடாமலே மட்டம் ஏறியிருந்தால்தான் கூடுதல் கவனம் தேவை. விரலில் தொட்டு மணந்து பாருங்கள். மண்ணெண்ணெயோ பெற்றோலோ மணத்தால் மேலே புது ஒயில் விடுவதில் பயனில்லை. முழுவதையும் வடித்து, பில்டரையும் மாற்றவேண்டும். டயப்பிரம் கிழிந்த பெற்றோல் பம்பாலும் இக்கலப்பு நேரும்.

மட்டமும் மணமும் சரியென்றால், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, ஒயில் சுவிச்சின் வயரைக் கழற்றுங்கள். விளக்கு அப்போதும் எரிந்தால் வயர் எங்கோ உரசி உடலைத் தொடுகிறது. அணைந்தால் சுவிச் பழுதாயிருக்கலாம், அழுத்தமே குறைந்துமிருக்கலாம். சுவிச்சின் இடத்தில் அழுத்தமானியைப் பூட்டிப் பார்க்காமல் "சுவிச்தான்" என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பவேண்டாம்.

எஞ்சின் சூடேறி மெதுவாக ஓடும்போது மட்டும் விளக்கு மினுங்கினால், ஒயில் மெலிந்திருக்கும் அல்லது பேரிங் தேய்ந்திருக்கும்.

மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரத்துக்கும் இதே நோய் வரும். அதற்கு எச்சரிக்க விளக்கில்லை. ஒயிலை மணந்துதான் அறியவேண்டும்.