காப்புரிமையும் தடையாணையும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவிற்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை நம் தோழியர் அறிவர். அது பெயருக்குக் கிடைத்த காவல். இராஜபாளையத்தில் ஒருவர் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரையிட்டுக் கிண்டினால் எவரும் தடுக்க இயலாது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெயரில் விற்பதுதான் கூடாது. காப்புரிமை அப்படியன்று. அது கண்டுபிடிப்பையே காக்கிறது. நம் சட்டப்படி 20 ஆண்டுகளுக்கு, உரியவரின் இசைவின்றிப் பிறர் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது.

மீறினால் நீதிமன்றம் தடையாணை இடலாம். இரட்டை ஸ்பார்க் பிளக் பொருத்திய எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்ற பஜாஜ் நிறுவனம், டி.வி.எஸ். நிறுவனத்தின் ஃபிளேம் மோட்டார் சைக்கிளுக்கு எதிராக 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றது. டி.வி.எஸ். என்ன செய்தது? ஒற்றைப் பிளக்குடன் வண்டியை வெளியிட்டது! 2009 மே மாதம் தடையும் நீங்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்கலாம், ஆனால் விற்பனைக்குச் சரியான கணக்கு வைக்க வேண்டும் என்றது.

செல்பேசியில் இப்படி மாற்று வழி தேட முடியாது. எந்த நிறுவனத்தின் கருவியும் எந்தக் கோபுரத்தோடும் பேச வேண்டுமானால், எல்லாரும் ஒரே பொதுத் தரத்தைப் பின்பற்றியாக வேண்டும். அத்தரத்திற்குள் அடங்கிய காப்புரிமைகளைத் தவிர்த்துக் கருவி செய்ய இயலாது. ஆகவே அவற்றின் உரிமையாளர், கேட்போருக்கெல்லாம் நியாயமான கட்டணத்தில், பாரபட்சமின்றி உரிமம் தருவதாக முன்கூட்டியே வாக்களிக்கிறார்.

வாக்களித்தவர் தடையாணை கேட்கலாமா? எளிதில் கிடைக்குமானால், கடையை மூடிவிடுவேன் என்று மிரட்டி அவர் எவ்வளவும் கேட்பார். ஒருபோதும் கிடைக்காதென்றால், தயாரிப்பாளர் பேச்சு வார்த்தையிலேயே ஆண்டுகளைக் கடத்திக் காசு தராமல் விற்பார். இரண்டாவது அநீதியைப் பலர் மறந்துவிடுகின்றனர் என்பது என் எண்ணம்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் ஹுவாவே வழக்கில் ஒரு முறை வகுத்தது. உரிமையாளர் முதலில் அறிவிப்புத் தந்து, எழுத்தில் விலை சொல்ல வேண்டும். மற்றவர் தாமதமின்றி மறுமொழி தர வேண்டும். அதன்பின்னரே தடை பற்றிய பேச்சு. நம் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வும், சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனம் இன்டெக்ஸ் மீது தொடுத்த வழக்கில், கடமை இரு தரப்பிற்கும் உண்டு என்று 2023 மார்ச்சில் கூறியது. இழுத்தடிப்பவர் மீது இடைக்காலத் தடையும் வரலாம் என்றது.

லாவா நிறுவனம் எரிக்சனுக்கு 244 கோடி ரூபாய் தர வேண்டும் என 2024 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்கிலிருந்த 8 காப்புரிமைகளுள் ஒன்று செல்லாதென்றும் கூறினார். கட்டணம் செல்பேசியின் விற்பனை விலையில் 1.05 விழுக்காடு. ஆயிரம் ரூபாய்க் கருவிக்குப் பத்தரை ரூபாய்.