ஒரு பல் கூட்டினால் பத்து கிலோமீட்டர் கூடுமா?

முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூடுதலா போட்டா டாப் ஸ்பீடு ஏறும். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப் பேச்சில் இதுக்கு மறுபேச்சே கிடையாது. பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டாலும் அப்படித்தான் வரும். வண்டியில் போட்டு ஓட்டும்போதுதான் சிக்கல்: பல சமயம் வேகம் அதே இடத்தில் நிற்கும், சில சமயம் குறையவும் செய்யும். ஏன் என்று ஒரு வண்டியை வைத்தே பார்த்துவிடலாம்.

நான் எடுத்துக்கொள்வது கேடிஎம் 390 டியூக், 2013-ல் இங்கே வந்த முதல் தலைமுறை. புனே பக்கத்தில் சாகன்ல பஜாஜ் தொழிற்சாலையில் தயாரானது. 373 சி.சி., சுமார் 43 குதிரைத்திறன், அதுவும் 9500 ஆர்.பி.எம். வாக்கில்தான் முழுசா கிடைக்கும். இந்த வண்டியின் பல் எண்ணிக்கை எல்லாம் கையேட்டிலேயே இருப்பதால் கணக்குக்கு வசதி.

எஞ்சின் சுற்று வீலுக்குப் போவதற்குள் மூணு இடத்தில் மாறுகிறது. முதலில் எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்கு: 30 பல், 80 பல்லைச் சுற்றுகிறது, அதாவது 2.67. அடுத்து கியர்பாக்ஸ்: ஆறாவது கியரில் 25-க்கு 21, அதாவது 0.84. கடைசியில் செயின்: முன்னால் 15, பின்னால் 45, அதாவது 3. மூன்றையும் பெருக்கினால் 6.72. எஞ்சின் 6.72 தடவை சுற்றினால் பின் வீல் ஒரு தடவை சுற்றும்.

பின் டயர் 150/60-17. அதன் சுற்றளவு ஏறக்குறைய 1.92 மீட்டர். இப்போ 9500 ஆர்.பி.எம்.-ல் வேகம் எவ்வளவு என்று போட்டால் மணிக்கு 163 கி.மீ. வருகிறது. இந்த வண்டி நிஜமாகவே எட்டுகிற வேகமும் கிட்டத்தட்ட அதுதான். இது தற்செயல் இல்லை. எஞ்சின் உச்ச சக்தி தரும் ஆர்.பி.எம்.-உம் வண்டி எட்டக்கூடிய உச்ச வேகமும் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி பார்த்துத்தான் வடிவமைத்தவர்கள் பல் எண்ணிக்கையை வைத்திருக்கிறார்கள்.

முன்னால் 16 பல் போட்டால்? 6.72 என்பது 6.3 ஆகிவிடும். அதே 9500-ல் கணக்குப்படி 174 கி.மீ. ஒரு சின்ன இரும்புச் சக்கரத்தில் 11 கி.மீ. லாபம்! எல்லாரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அந்தக் கணக்கில் காற்று இல்லை.

ஆடி மாசக் காற்றில் எதிர்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். கியர் சைக்கிளாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். எதிர்காற்றில் பெரிய கியர் போட்டால் வேகமாகப் போக மாட்டோம், பெடல் நகராமல் முழி பிதுங்கும். பைக் எஞ்சினுக்கும் அதே கதிதான். காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 80-லிருந்து 160-க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு, காற்று கேட்கும் சக்தி எட்டு மடங்கு. 163-லிருந்து 174-க்குப் போக சுமார் 21 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும். 43 குதிரை 52 ஆக வேண்டும். ஸ்பிராக்கெட் ஒரு குதிரைகூடத் தராது.

இன்னொரு பக்கமும் பாருங்க. 16 பல்லோடு அதே 163-ல் போனால் எஞ்சின் சுமார் 8900-ல்தான் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே அதன் உச்ச சக்தி கிடைக்காது. அதனால் 163-ஐக்கூட பிடிக்க முடியாமல் வண்டி கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். கொஞ்சம் எதிர்காற்று, பின்னால் ஒரு ஆள் என்றால் ஐந்தாவது கியருக்கு இறங்கினால்தான் இழுக்கும். வேடிக்கை என்னவென்றால், 16 பல் போட்ட வண்டியின் ஐந்தாவது கியரும் 14 பல் போட்ட வண்டியின் ஆறாவது கியரும் ஏறக்குறைய ஒரே விகிதம்: 7.17, 7.2. காசு கொடுத்து ஒரு கியரைத் தொலைத்ததுதான் மிச்சம்.

பெரிய முன் ஸ்பிராக்கெட் நிஜமாகவே வேகம் கூட்டுகிற இடமும் உண்டு. வண்டி டாப் கியரில் உச்ச சக்தியைத் தாண்டி ஆர்.பி.எம். லிமிட்டரில் போய் முட்டுகிறது என்றால் அந்த எஞ்சினிடம் இன்னும் மூச்சு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். மண் பாதைக்கென்று குட்டை கியரிங்கோடு வரும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். சாதாரண ரோட்டு வண்டியில் அபூர்வம்.

சைலன்சர், ஏர் ஃபில்டர் விஷயத்தை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. எல்லாம் சரியாக அமைந்து இரண்டு குதிரை கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதே மும்மடிக் கணக்கில் டாப் ஸ்பீடு கூடுவது இரண்டரை கி.மீ. சத்தம் கூடுவதால் அது இருபது மாதிரி தோன்றும்.

பிறகு ஏன் இத்தனை பேர் "எனக்கு ஏறிச்சே" என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை, மீட்டர் சொல்கிறது. ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது, கூடுதலாக 10 சதவீதமும் 4 கி.மீ.யும் வரை காட்டலாம் என்பது ஐ.நா. விதி எண் 39. அதன்படி உண்மையில் 150-ல் போகும் வண்டி 169 காட்டினாலும் விதிமீறல் இல்லை. இது போக, பல வண்டிகளில் வேக சென்சார் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும். அதில் பல்லை மாற்றினால் மீட்டருக்கு அது தெரியாது. முன்னால் பல்லைக் குறைத்தால் உண்மையைவிட அதிகம் காட்டும், கூட்டினால் குறைவாகக் காட்டும். குறைவாகக் காட்டுவதுதான் ஆபத்து: 100 என்று நினைத்து 107-ல் வளைவுக்குள் போவீர்கள். 390-ல் முன் வீலிலிருந்து எடுப்பதால் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் ஜி.பி.எஸ். வைத்து, ஒரே பாதையில் போகவும் வரவும் இரண்டு தடவை ஓட்டி சராசரி எடுக்காத எந்த டாப் ஸ்பீடையும் நான் நம்புவதில்லை. இருங்காட்டுக்கோட்டை மாதிரி ஒரு டிராக் பக்கத்தில் இருக்கும்போது இதை ஈ.சி.ஆரில் செய்து பார்ப்பது மடத்தனம்.

டயரும் கியரிங்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எங்க தெருவில் ஒரு தம்பி 16 பல்லோடு 160/60 டயரும் போட்டுவிட்டு, பிக்கப் செத்துப்போச்சு, எஞ்சினைப் பிரிக்கணுமா என்று வந்து நின்றான். டயர் மட்டுமே 2 சதவீதம் உயரமான கியரிங், பல்லோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 9 சதவீதம். எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, பழைய ஸ்பிராக்கெட்டை எடுத்துட்டு வா என்றேன். இல்லாவிட்டால் ஒரு மாசச் சம்பளத்தை எஞ்சின் வேலைக்குக் கொடுத்திருப்பான்.

காற்றோடு நிஜமாகவே சண்டை போட்டவர் நியூசிலாந்தின் பர்ட் மன்ரோ. 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படத்தின் நாயகன் அவர்தான். இந்தியன் என்பது பைக்கின் பெயர், நம்ம ஆள் இல்லை. 1920-ம் வருஷத்து இந்தியன் ஸ்கௌட், புதிதில் மணிக்கு சுமார் 88 கி.மீ. போகும். 1967-ல் பான்வில் உப்புப் பாலையில் அதே வண்டியை 295 கி.மீ.க்கு மேல் ஓட்டி சாதனை படைத்தார். அந்த உடம்போடு அந்த வேகம் வேண்டுமென்றால் 37 மடங்கு சக்தி தேவைப்பட்டிருக்கும். அவர் 600 சி.சி. எஞ்சினை 950 ஆக்கினார், பிஸ்டனைத் தானே வார்த்தார். கூடவே வண்டி முழுவதையும் மீன் மாதிரி ஒரு கூட்டுக்குள் அடைத்து, அதற்குள் படுத்துக்கொண்டு ஓட்டினார். அந்தக் கூடு இல்லாமல் எந்த ஸ்பிராக்கெட்டும் அவரை அங்கே கொண்டுபோயிருக்காது.

நமக்குக் கூடு வேண்டாம், டேங்க் மேல் குனிந்தாலே போதும். காற்றுத் தடை 20 சதவீதம் குறைந்தால் வேகம் 7 சதவீதத்துக்கு மேல் கூடும். அப்படிக் குனிந்தே ஓட்டுகிற ரேஸ்காரருக்கு 16 பல் அர்த்தமுள்ளது.

ரோட்டுக்கு 16 பல்லின் உண்மையான பலன் வேறு: 100 கி.மீ.யில் 5830 இருந்த ஆர்.பி.எம். 5460 ஆகும், நெடுந்தூரத்தில் அதிர்வு குறையும். அதுக்காகப் போட்டால் சரி. சென்னை டிராஃபிக்கில் 390 ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது 14. டாப் ஸ்பீடு கணக்கில் 152-க்கு இறங்கும், ஆனால் இரண்டாவது கியரில் வண்டி உதறாமல் நகரும். பின்னால் மூணு பல் கூட்டினாலும் ஏறக்குறைய அதே பலன்தான், செலவு கூடுதல். எதை மாற்றினாலும் செயின் தளர்ச்சியைத் திரும்ப சரி செய்யுங்க. முன்னால் ஒரு பல்லுக்கு பின் ஆக்சில் சுமார் 4 மில்லிமீட்டர் நகரும். சின்ன ஸ்பிராக்கெட் போட்டிருந்தால், செயின் ஸ்விங் ஆர்ம் மேல் இருக்கும் ரப்பரை உரசுகிறதா என்று ஒரு வாரம் கழித்துக் குனிந்து பார்த்துக்கொள்ளுங்க.