உங்களுக்குத் தெரியுமா? குட்டி விமானத்தில் கான்சஸ்!

அமெரிக்காவில் வேலை, வீடு, மாதத் தவணை என்று ஓடிக்கொண்டே இருப்பவரா நீங்கள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்காரும் விமானத்தில் ஏறிப் பாருங்கள். நான் ஏறினேன். கான்சஸ் மாநிலம், விச்சிட்டா நகரம். இறங்கும்போது பை நிறைய அதிசயம்!

ஏறுமுன் உங்கள் எடையைக் கேட்பார்கள். கைப்பையின் எடையையும்! ஆள், பெட்ரோல், விமானம் எல்லாம் சேர்த்து 1,157 கிலோவைத் தாண்டக் கூடாது. நான் நாலு கிலோ குறைத்துச் சொன்னேன். விமானி ஒன்றும் பேசாமல் மூலையில் இருந்த எடை மெஷினைக் காட்டினார்!

அந்தப் பெட்ரோலின் நிறம் நீலம்! இறக்கைக்கு அடியில் ஒரு சின்னக் குவளையைப் பிடித்துக் கொஞ்சம் வடித்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறார் விமானி. தண்ணீர் கலந்திருந்தால் குவளையின் அடியில் தனியாக நிற்கும். காட்டிக்கொடுத்துவிடும்!

நாங்கள் ஏறியது செஸ்னா 172. இதுவரை செய்தவை 44,000-க்கும் மேல். உலகில் வேறெந்த விமானமும் இத்தனை பிறந்ததில்லை! இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையே இல்லை.

மேற்கே போகப் போக, கீழே வட்டம் வட்டமாகப் பச்சை. கல்லில் வரிசையாக ஊற்றிய ஊத்தப்பம் மாதிரி! ஒவ்வொன்றும் அரை மைல் அகலம். நடுவில் தண்ணீர். அங்கிருந்து கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய். சக்கரங்களில் ஏறி, கடிகார முள் போல மெல்லச் சுற்றிச் சுற்றித் தெளிக்கிறது. ஃபிராங்க் ஜைபாக் என்ற விவசாயியின் மூளை. காப்புரிமை வாங்கிய ஆண்டு 1952. ஒரு வட்டம் சுமார் 125 ஏக்கர். நம்ம ஊர்க் கணக்கில் 95 காணி!

இவ்வளவு தண்ணீர் ஏது? ஓகலாலா நிலத்தடி நீர். 8 மாநிலங்களுக்கு அடியில், சுமார் 4,50,000 சதுர கிலோமீட்டர். மூன்று தமிழ்நாட்டை வைத்தாலும் இடம் மிச்சம்! ஆனால் ஊறுவதைவிட இறைப்பது வேகம். மட்டம் இறங்கிக்கொண்டே வருகிறது.

மைலுக்கு ஒரு சாலை, சதுரங்கப் பலகை மாதிரி. 1785-இல் போட்ட நில அளவைச் சட்டத்தின் கோடுகள் இவை. இன்னும் அழியவில்லை!

நேராகப் போகும் சாலை திடீரென்று பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டி மறுபடி நேராகிறதே, ஏன்? பூமி உருண்டை! வடக்கே போகப் போக வடக்கு-தெற்குக் கோடுகள் நெருங்குமல்லவா? அதைச் சரிக்கட்டத்தான் அந்த வெட்டு. பூமியின் உருண்டையை ஸ்டியரிங்கில் உணரலாம் என்றால் நம்புவீர்களா?

கான்சஸ் பான்கேக்கைவிடத் தட்டை. கேலி இல்லை, 2003-இல் புவியியல் ஆய்வாளர்கள் நிஜமாகவே ஒரு பான்கேக்கை அளந்து ஒப்பிட்டார்கள்! ஆனால் ஏமாறாதீர்கள். அதே தட்டை மாநிலம் கிழக்கைவிட மேற்கில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம்!

வழி தெரியவில்லையா? தாழப் பறந்து தண்ணீர்த் தொட்டியைப் படியுங்கள். ஊர்ப்பெயர் எழுதியிருக்கும்! 1930-களில் விமானிகளுக்காகக் கூரைகளிலேயே பெயர் எழுதினார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்கள் பெண் விமானிகள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் எதிரி படித்துவிடுவான் என்று கடலோர ஊர்களில் அழிக்க வேண்டியதாயிற்று!

16 வயதுப் பையன் தனியாக விமானம் ஓட்டலாம். கார் லைசென்ஸ் இல்லாவிட்டாலும்! முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கினால் பரிசு என்ன தெரியுமா? ஆசிரியர் கத்தரிக்கோலோடு வந்து சட்டையின் பின்பக்கத்தை வெட்டி எடுத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் பின்னால் உட்கார்ந்து, சட்டையை இழுத்துத்தான் பாடம் சொன்னார்களாம். இனி இழுக்கத் தேவையில்லை!

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் சேதி இதோ. 1958 டிசம்பரில் இதே ரக செஸ்னா 172-இல் ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் லாஸ் வேகாஸில் மேலே ஏறினார்கள். இறங்கியது 1959 பிப்ரவரியில்! 64 நாள், 22 மணி நேரம்! கீழே பாலைவனச் சாலையில் லாரி ஓட, மேலே இவர்கள் தாழப் பறந்து ஹோஸை இழுத்துப் பெட்ரோல் பிடித்தார்கள். சாப்பாடும் அப்படியே! நடுவில் தரையைத் தொடவில்லை என்று காட்ட, சக்கரத்தில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டார்கள்!

அந்த விமானம் இப்போது லாஸ் வேகாஸ் விமான நிலையத்தின் கூரையில் தொங்குகிறது. அங்கே போனால் பெட்டிக்காகக் காத்திருக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்கள்!