சுரவரிசையும் கணினி எழுத்தும்: பள்ளி இசை வகுப்பை முன்வைத்து ஒரு விளக்கம்

0. முன்னுரை

பள்ளி இசை வகுப்பில் ஆர்மோனியத்தை அடுத்து மின்னணுச் சுருதிப்பெட்டியும் கீபோர்டும் இடம்பெற்றன. இன்று கணினியும் இடம்பெற்றுள்ளது. ஆசிரியர் தட்டச்சு செய்த பாடத்தை மாணவர் திரையில் படிக்கின்றனர்; பார்வையற்ற மாணவர் எழுத்தைப் பேச்சாக்கும் நிரலின் வழியே கேட்கின்றனர். கருநாடக இசையின் சுரவரிசை தமிழ் எழுத்துகளால் எழுதப்பட்டாலும் தமிழ் எழுத்து விதிகளின்படி படிக்கப்படுவதில்லை. இவ்வேறுபாட்டை இதுகாறும் ஆசிரியரின் குரல் ஈடுசெய்து வந்தது. கணினிக்கோ எழுதப்பட்டது மட்டுமே தெரியும். எனவே சுரக்குறியீட்டைத் தனியொரு எழுத்து முறையாக விளக்க வேண்டிய தேவை எழுகிறது.

1. ஒலிப்பு

தமிழில் வல்லின எழுத்தின் ஒலிப்பு, அது வரும் இடத்தைப் பொறுத்தது. மொழிமுதலில் ஒலிப்பிலா ஒலியாகவும் மெல்லினத்தின் பின் ஒலிப்புடை ஒலியாகவும் அது அமையும். சுரப்பெயர்களில் இவ்விதி செயற்படுவதில்லை. காந்தாரத்தைக் குறிக்கும் 'க' எவ்விடத்தும் 'தங்கம்' என்பதிலுள்ள ககரம்போல் ஒலிப்புடையது. பஞ்சமத்தைக் குறிக்கும் 'ப' எவ்விடத்தும் 'பல்' என்பதிலுள்ள பகரம்போல் ஒலிப்பற்றது.

'கமபத' என்னும் தொடரைத் தமிழ் விதிப்படி ஒரு நிரல் படித்தால், ககரம் 'கல்' என்பதிற்போலவும், பகரம் 'கோபம்' என்பதிற்போலவும் ஒலிக்கும். இரண்டுமே பிழை. 'தநிஸா' எனத் தைவதம் முதலில் வரின் 'தலை' என்பதிலுள்ள தகரம் ஒலிக்கும், அதுவும் பிழையே. கண்ணால் படிக்கும் மாணவரை ஆசிரியர் திருத்துவார். வீட்டில் நிரலைக் கேட்டே பாடம் செய்யும் பார்வையற்ற மாணவருக்குப் பிழையான வடிவமே மனத்தில் பதியும்.

2. மாத்திரை

குறில் ஒன்று, நெடில் இரண்டு என்னும் மாத்திரைக் கணக்கைச் சுரக்குறியீடு அவ்வாறே ஏற்றுள்ளது. 'ஸ' ஓர் அலகு. 'ஸா' இரண்டு அலகு. மூன்றாம் அலகுக்குக் காற்புள்ளியையும் நான்காவது வரை நீட்ட அரைப்புள்ளியையும் நெடிலின் பின் இடுவர். ஓரெழுத்து மூன்று மாத்திரை இசைப்பதில்லை, நீட்டம் வேண்டின் அவ்வளவுடைய எழுத்தைக் கூட்டுக என்னும் தொல்காப்பிய நெறியோடு இதனை ஒப்பிடலாம்.

சிக்கல் காற்புள்ளியில் உள்ளது. உரைநடையில் அது நிறுத்தற்குறி, சுரவரிசையில் நீட்டற்குறி. பேச்சாக்கும் நிரல் காற்புள்ளியைக் கண்டவுடன் ஒலியை நிறுத்தும். பாடுபவரோ அங்கு ஒலியைத் தொடர வேண்டும். ஒரே குறி நேர்மாறான இரு பணிகளைச் செய்கிறது.

3. புள்ளியும் எண்ணும்

அச்சில் தார ஸ்தாயிச் சுரத்தின் மேலும் மந்திர ஸ்தாயிச் சுரத்தின் கீழும் புள்ளியிடுவது வழக்கு. மேற்புள்ளி, மெய்யெழுத்தின் புள்ளியோடு வடிவில் ஒன்றுபடுகிறது. சுரப்பெயர் எதுவும் தனிமெய் அன்று ஆதலால் மனிதர் மயங்குவதில்லை. யூனிகோடு முறையிலோ மெய்ப்புள்ளியும், பொது ஒட்டுக்குறியாகிய மேற்புள்ளியும் வெவ்வேறு குறியெண்கள் உடையன. தட்டச்சு செய்வோர் மெய்ப்புள்ளியை இட்டுவிடின் தார ஷட்ஜம் 'ஸ்' என்னும் மெய்யாகவே பதிவாகும். 'ரி', 'நி' ஆகியவற்றின் மேல் அதை இட முயன்றால், உயிர்க்குறியின் பின் மெய்ப்புள்ளி வாராது ஆதலால், பல நிரல்கள் வெற்று வட்டத்தையே காட்டும்.

எண்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. சுரவரியில் 'க3' என்பது அந்தர காந்தாரம். வடமொழிச் சாகித்தியத்தைத் தமிழெழுத்தில் அச்சிடும்போது 'க3' என்பது வருக்கத்தின் மூன்றாம் எழுத்து. ஒரே பக்கத்தில், அடுத்தடுத்த வரிகளில், இவ்விரண்டும் வருவதுண்டு.

4. ஓர் எண், இரு பெயர்

மின்னிசைக் கருவிகளை இணைக்கும் 'மிடி' என்னும் நெறிமுறை 1983-இல் வந்தது. அது ஒவ்வொரு கட்டைக்கும் 0 முதல் 127 வரை ஓர் எண்ணைத் தருகிறது. 60-ஐ ஷட்ஜமாகக் கொண்டால், தொடக்கப் பாடங்களுக்குரிய மாயாமாளவகௌளையின் ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என அமையும்.

கருநாடக இசையில் சுரத்தானங்கள் 12. அவற்றின் பெயர்கள் 16. ஆகவே 62 என்னும் எண் சங்கராபரணத்தில் சதுஸ்ருதி ரிஷபம். கனகாங்கியில் சுத்த காந்தாரம். மொழியியலார் இதனை எளிதில் உணர்வர். ஒலி ஒன்றாயினும், அது எந்த ஒலியனைச் சார்ந்தது என்பதை அமைப்பே முடிவுசெய்கிறது. கீபோர்டில் வாசித்ததை எழுத்தாக்கும் நிரலுக்கு இராகம் இன்னதென அறிவிக்காவிடின், அது சரியான பெயரைத் தேர முடியாது.

5. மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டியது

மென்பொருட் பட்டியல்களில் 'நோட்' என்னும் ஆங்கிலச் சொல்லை யாண்டும் 'சுரம்' எனப் பெயர்ப்பது பொருந்தாது. சுரம் ஆதார சுருதியைச் சார்ந்த உறவுப்பெயர். மிடி எண் குறிப்பதோ நிலைத்த ஒலியுயரம். இதற்கு இசையாசிரியர் வழக்கில் ஆர்மோனியத்திலிருந்து வந்த 'கட்டை' என்னும் சொல் உள்ளது. மேலைமுறைச் 'சி' ஒரு கட்டை. 'ஜி' ஐந்து கட்டை. 'சி' என்பதை 'ஸ' என்று பெயர்த்த திரையைக் காணும் மாணவி, ஐந்து கட்டைச் சுருதியில் பாடும்போது, தன் ஷட்ஜத்தைத் திரை 'ப' எனக் காட்டக் காண்பாள். பிழை அவள் குரலில் இல்லை, மொழிபெயர்ப்பில் உள்ளது.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று தேவைகள் பெறப்படுகின்றன. முதலாவது, சுரவரி, சாகித்திய வரி என்னும் வேறுபாட்டைக் கோப்பிலேயே குறித்தல். இரண்டாவது, சுரவரிக்கெனத் தனி ஒலிப்பு விதிகளையும் நீட்டல் விதிகளையும் வகுத்தல். மூன்றாவது, மிடி எண்ணோடு சுரப்பெயரையும் ஆதார சுருதியையும் சேர்த்துப் பதிதல். இவற்றிற்குப் புதிய எழுத்து எதுவும் வேண்டியதில்லை. ஆசிரியர் வாய்மொழியாக அறிந்துள்ள விதிகளை வெளிப்படையாக எழுதித் தந்தாலே போதும். அப்பணி மென்பொருளாரை விட மொழியியலாருக்கே முதலில் உரியது எனலாம்.