அடுப்புச் சாம்பலும் முதுமைக்கு ஒரு தென்னையும்

கமக்காரர்களே! மாரி தொடங்குமுன் உங்கள் குசினியை ஒருமுறை நோக்குங்கள். வெளியே கொட்டும் விறகுச் சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு. மழை பட்டால் பொட்டாசியம் கரைந்தோடும். ஆதலால் நன்றாக ஆறிய சாம்பலை மூடிய தகரத்திற் சேமித்தல் வேண்டும். யூரியாவுடன் கலக்கலாகாது, நைதரசன் அமோனியாவாகிக் காற்றோடு போய்விடும். உமிச் சாம்பல் இதற்கு ஈடாகாது. அதிற் பெரும்பகுதி சிலிக்காவே.

50 வயதை எட்டியவர் இம்மாரியிலேயே வளவில் தென்னம்பிள்ளை நடுதல் நன்று. நெட்டையினம் காய்க்க 6, 7 ஆண்டுகள் செல்லும். வயலில் இறங்க முழங்கால் மறுக்கும் நாளில் நட்டால், முதற் குலையைக் காண அதன் பின்னும் அத்தனை ஆண்டு காத்திருக்க நேரும். 3 அடி நீள அகல ஆழமுள்ள குழியில் தேங்காய் மட்டையை இரண்டு படையாக அடுக்கி, மேல்மண்ணும் மக்கிய மாட்டெருவும் இட்டு நடுக. கன்று வேர் பிடித்தபின் சாம்பலை அடியிற் படாது ஓரடி தள்ளித் தூவிக் கொத்திவிடுக. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு நிலத்திற் சிறிதளவே போதும்.