ஓட்டுநர் இல்லாத பேருந்து

ஓட்டுநர் இல்லாத வண்டி பொதுப் போக்குவரத்தில் முதலில் தனிப்பாதையில்தான் வந்தது. பிரான்சின் லீல் நகரில் 1983-இல் தொடங்கிய மெட்ரோவில் ஓட்டுநருக்கென்று அறையே கிடையாது. சிங்கப்பூரின் வடகிழக்குத் தடம் 2003-இலும், டெல்லி மெட்ரோவின் மெஜந்தா தடம் 2020 டிசம்பரிலும் இந்த முறைக்கு வந்தன. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கும் இத்தகைய ரயில்களே வாங்கப்படுகின்றன. ரயிலுக்கு இது சீக்கிரம் கைகூடியதற்குக் காரணம் அதன் பாதை. குறுக்கே மாடு வராது, ஆட்டோ திரும்பாது, எங்கே நிற்க வேண்டும் என்பது முன்பே அளந்து வைக்கப்பட்டிருக்கும். சாலையில் ஓடும் பேருந்துக்கு இதில் எவ்வளவு செய்து தர முடியும் என்பதைப் பொறுத்தே அதன் கதை அமைகிறது.

நெதர்லாந்தில் ராட்டர்டாமை ஒட்டிய ரிவியம் அலுவலக வளாகத்தில் அந்தப் பாதையைப் பாதி தூரம் ரயிலாக்கினார்கள். அருகிலுள்ள மெட்ரோ நிலையத்திலிருந்து வளாகத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பார்க் ஷட்டில் என்ற சிறிய மின்வண்டி 1999-இல் அங்கே ஓடத் தொடங்கியது. அதற்கென்று தனித்தடம் போட்டு, தடத்தின் பரப்புக்குள் இடைவெளி விட்டுக் காந்தங்களைப் பதித்தார்கள். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று எண்ணி, தான் இருக்கும் இடத்தை வண்டி கணக்கிடுகிறது. டயர் சற்றே தேய்ந்திருந்தாலும், மழையில் கொஞ்சம் வழுக்கினாலும் கணக்கு தப்பும். அடுத்த காந்தத்தைக் கடக்கும்போது அந்தப் பிழை தெரிந்து, கணக்கு நேராகிறது. இருட்டில் சுவரைத் தடவி நடப்பவர், கதவு நிலை கையில் பட்டதும் தாம் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது போன்றது இது. பின்னர் வந்த பெரிய வண்டிகளில் 20 பேர் வரை போகலாம்.

பொதுச் சாலையில் காந்தம் போதாது. அங்கே வண்டிக்கே கண் வேண்டும். லேசர் கதிரை அனுப்பி, அது பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துத் தொலைவை அளக்கிறது லைடார். மழையிலும் மூடுபனியிலும் அது தடுமாறும்போது ரேடார் கைகொடுக்கிறது. சிக்னலின் நிறத்தையும் சாலைக்கோட்டையும் கேமரா படிக்கிறது. இவை மூன்றும் சொல்வதைச் சேர்த்துப் பார்த்துத்தான் கணினி முடிவெடுக்கிறது.

இதுவரை காருக்கும் பேருந்துக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு பிரேக்கில் தொடங்குகிறது. காரில் எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நகரப் பேருந்தில் பாதிப் பேர் கம்பியைப் பிடித்து நிற்பார்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி பிரேக்கை முழுவதும் அழுத்தினால் ஏறக்குறைய 10 மீட்டரில் நின்றுவிடும். நிற்பவர் தள்ளாடாமல் இருக்க வேண்டுமென்றால் அதே வண்டிக்கு 50 மீட்டர் தேவைப்படும். ஆகவே பேருந்தின் கணினி காரைவிட வெகு முன்னதாகவே ஆபத்தைக் கணிக்க வேண்டும். அதைவிடக் கடினம், இல்லாத ஆபத்துக்குப் பதறாமல் இருப்பது. காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பையைக் குழந்தை என்று எண்ணி வண்டி சட்டென்று நின்றால், ஒரு கையில் பையும் மறு கையில் கம்பியுமாக நிற்கும் பாட்டி முன்னிருக்கையில் போய் மோதுவார். சாலையில் எவருக்கும் காயமில்லை, வண்டிக்குள்தான் விபத்து.

முழு அளவுப் பேருந்தில் இதைச் செய்து பார்த்த பெரிய முயற்சி ஸ்காட்லாந்தில் நடந்தது. 2023 மே மாதம், ஃபோர்த் சாலைப் பாலத்தைக் கடந்து எடின்பர்க்கின் மேற்குப் பகுதிக்குச் செல்லும் 14 மைல் தடத்தில் ஐந்து தானியங்கிப் பேருந்துகள் பயணிகளை ஏற்றத் தொடங்கின. மணிக்கு 80 கி.மீ. வரை சென்ற அந்த வண்டிகளில், தேவைப்பட்டால் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் முன்னால் ஓட்டுநர் ஒருவர் இருந்தார். சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருந்தது. பயணிகளிடையே நடமாட இன்னொரு பணியாளரையும் வைத்தார்கள். பேருந்து ஓட்டுநரின் வேலை ஓட்டுவது மட்டுமில்லை என்பதற்கு இந்த இரண்டாமவரே சாட்சி. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இறக்குவது, ஓடி வருபவருக்காக இரண்டு நொடி காத்திருப்பது, மயங்கி விழுந்தவரைக் கவனிப்பது, வழி கேட்பவருக்குச் சொல்வது எல்லாம் யாராவது ஒருவருடைய பொறுப்பில் வந்தாக வேண்டும். போதிய பயணிகள் வராததால் 2025 பிப்ரவரியில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது.

செலவின் கணக்கும் இங்கேதான் இருக்கிறது. பேருந்து நடத்தும் செலவில் ஓட்டுநர் சம்பளம் பெரும்பங்கு. எட்டுப் பேர் ஏறும் சிறிய வண்டிக்கும் எண்பது பேர் ஏறும் பெரிய வண்டிக்கும் ஓர் ஓட்டுநர் வேண்டும் என்பதால், சிறிய வண்டிகளை அடிக்கடி விடுவது கட்டுப்படியாவதில்லை. ஆளில்லாமல் ஓட்ட முடிந்தால், ரயில் நிலையத்திலிருந்து குடியிருப்புக்குள் போகும் இணைப்புத் தடங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சிறிய வண்டிகளை விடலாம். கூட்டம் நிறைந்த முக்கியச் சாலைகளைவிட இவையே இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ற இடம்: வேகம் குறைவு, தூரம் குறைவு, தடம் ஒன்றே. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பல வண்டிகளின் கேமராப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி குழம்பி நின்றால் வழி சொல்வார். பயணி பொத்தானை அழுத்தினால் பேசுவார். வண்டிக்கொரு பணியாளரை உள்ளே உட்கார வைக்க வேண்டியிருக்கும்வரை அந்தச் சேமிப்பு கிடைக்காது.

வண்டி தவறு செய்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே எழுதி வைத்தாக வேண்டும். பிரிட்டன் 2024-இல் இயற்றிய தானியங்கி வாகனச் சட்டம், வண்டி தானே ஓடும் நேரத்தில் அது ஓடிய விதத்துக்கான பொறுப்பை ஓட்டுநர் இருக்கையில் இருப்பவரிடமிருந்து எடுத்து, அந்த வண்டிக்கு அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் மேல் வைக்கிறது.