நெல் வயலில் ஒட்டுண்ணியும் சிலந்தியும் கூட்டுக் காவல்

திருக்கழுக்குன்றம் வட்டாரத்தில் ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் சொர்ணவாரி, சம்பா, நவரைப் பட்டங்களில் நெல் பயிராகிறது. பட்டம் எதுவானாலும் குருத்துப் பூச்சி, இலைச் சுருட்டுப் புழு, புகையான் ஆகிய மூன்றும் விவசாயியின் கையைக் கடிக்கின்றன. ஒன்றுக்கு மருந்தடித்தால் இன்னொன்று கிளம்புவதும் உண்டு. மருந்து தீமை செய்யும் பூச்சியோடு அதைத் தின்னும் பூச்சியையும் சேர்த்துக் கொன்றுவிடுவதே இதற்குக் காரணம்.

இந்தோனேசியாவில் இப்படித்தான் புகையான் பெருகியது. அந்நாட்டு அரசு 1986-ம் ஆண்டு நெல்லுக்கு அடித்து வந்த 57 பூச்சி மருந்துகளைத் தடை செய்தது.

இயற்கை எதிரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. ஒன்று முட்டையை அழிக்கும். மற்றொன்று வளர்ந்த பூச்சியைப் பிடிக்கும். ஆகவே, எல்லாவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தினால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

முட்டையிலேயே ஒழிக்க

குருத்துப் பூச்சியின் புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. நடுக்குருத்து காயும்; கதிர் வந்த பின் தாக்கினால் வெண்கதிராகிவிடும். எனவே முட்டைப் பருவத்திலேயே அழிப்பது நல்லது. இந்த வேலையைச் செய்வது டிரைக்கோகிரம்மா என்னும் மிகச் சிறிய குளவி. இது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இடும். அதனால் அந்த முட்டையிலிருந்து புழு வராது, குளவிதான் வரும்.

குருத்துப் பூச்சிக்கு ஜப்பானிக்கம் வகையை நட்ட 30, 37-ம் நாட்களில் விட வேண்டும். இலைச் சுருட்டுப் புழுவுக்குக் கைலோனிஸ் வகையை 37, 44, 51-ம் நாட்களில் விட வேண்டும். ஏக்கருக்கு ஒவ்வொரு முறையும் 2 சி.சி. போதும். 37-ம் நாளில் இரண்டு வகையையும் சேர்த்து விடலாம்.

ஒட்டுண்ணி அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வயல் முழுவதும் பரவலாக, இலையின் அடிப்பக்கத்தில் கட்ட வேண்டும். காலையிலோ மாலையிலோ கட்டுவது நல்லது. குளவி வெளிவருமுன் கட்டிவிட வேண்டும். அட்டை வெயிலில் கிடக்கக் கூடாது. இந்த நாட்களில் பூச்சி மருந்து அடித்தால் வாங்கிய அட்டை வீண்.

புகையானுக்குச் சிலந்தி

புகையான் தூரின் அடியில் இருந்து சாற்றை உறிஞ்சும். பயிர் வட்டம் வட்டமாகக் கருகும். ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துத் தின்னும். மிரிட் நாவாய்ப் பூச்சி புகையானின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உறிஞ்சி அழிக்கும். இவற்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை, வயலிலேயே இருக்கின்றன. கொல்லாமல் விட்டால் போதும்.

தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து பற்றி யோசிக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். மருந்தடிக்கும் முன் குத்தை விலக்கிப் பார்த்து இரண்டையும் எண்ணுவது அவசியம். பைரித்திராய்டு வகை மருந்துகளை நெல்லுக்குத் தவிர்க்க வேண்டும்; அவை புகையானைப் பெருக்கிவிடும்.

துணை வேலைகள்

நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் அதிலுள்ள குருத்துப் பூச்சி முட்டைக் குவியல்கள் போய்விடும். எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நட்டால் பயிரின் அடியில் காற்றும் வெளிச்சமும் படும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். புகையான் தென்பட்டால் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகளுக்கு இடமும் உணவும் கிடைக்கும்; வீட்டுக்குப் பயறும் ஆகும்.

சதுர மீட்டருக்கு இரண்டு முட்டைக் குவியல் இருந்தாலோ, நூற்றுக்குப் பத்து நடுக்குருத்து காய்ந்தாலோ மட்டுமே குருத்துப் பூச்சிக்கு மருந்து பற்றி யோசிக்க வேண்டும். அட்டை கிடைக்கும் இடத்தை வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, நடவு முடிந்ததுமே சொல்லி வைப்பது நல்லது. முப்பதாம் நாள் தவறினால் குருத்துப் பூச்சி முந்திக்கொள்ளும்.